ஜெராய் மலையடி ஊர்களின் வழியே: கடார வரலாற்றை நடந்து கற்பதற்கான ஒரு திட்டம்

முன்னுரை

கெடா மாநிலத்தின் பெண்டாங் வட்டாரம் நெல்வயல்கள் நிறைந்த சமவெளியாகும். அங்கிருந்து தெற்கே நோக்கின், 20 கிலோமீட்டரைச் சற்றே கடந்த தொலைவில் ஜெராய் மலை தனித்து எழுந்து நிற்கக் காணலாம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுடைய இம்மலை உலக மலைகளின் வரிசையில் பெரிதன்று. ஆயினும் வேறு மலைத்தொடரோடு சேராமல் கடலோரத்தில் தனியாக நிற்பதால், நிலத்திலிருந்து நோக்குவோர்க்கும் கடலிலிருந்து வருவோர்க்கும் அது நெடுந்தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படுகிறது. தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் கடாரம் என்று சுட்டும் நிலப்பகுதியின் அடையாளமும் இம்மலையே எனலாம்.

நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கடாரம் பல்லாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் மேற்கொண்ட கடற்படையெடுப்பைப் பற்றித் தேர்வில் எழுதாத தமிழ் மாணவர் இலர். ஆனால் அக்கடாரத்தின் மண்ணில் நடந்து, அதன் ஆற்றையும் மலையையும் இடிபாட்டையும் ஒருங்கே பார்த்த மாணவர் எத்துணையர் என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தருவதாக இராது. ஜெராய் மலையடி ஊர்களின் வழியே மூன்று நாள் நடைப்பயணம் ஒன்றை எவ்வாறு திட்டமிடலாம் என்பதையும், அவ்வாறு நடக்கும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இமயப் பாதையும் இடைவழி ஊர்களும்

மலைநடை என்றவுடன் இமயத்தை நினைப்பது நம் மரபு. இமயச் சிற்றூர்களின் வழியே சில நாள் நடந்து வரும் பயணங்கள் இன்று பலரையும் ஈர்க்கின்றன. அப்பயணங்களின் பழைய வடிவம் நமக்கு ஒரு பாடமாக அமையக்கூடியது. மோட்டார்ச் சாலை வருவதற்கு முன்னர், இரிசிகேசத்திலிருந்து கேதாரநாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் யாத்திரிகர் நாள்தோறும் சில கல் தொலைவு நடந்து, வழியிலுள்ள ‘சட்டி’ எனப்பட்ட தங்குமிடங்களில் இரவைக் கழித்தனர். அரிசி, மாவு முதலியவற்றை அங்கேயே வாங்கிச் சமைத்துக்கொள்ள, மலையூர் மக்கள் பாத்திரமும் இடமும் தந்தனர். ஊரும் பாதையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தன. சாலை வந்தபின் யாத்திரிகர் ஊர்களைக் கடந்து விரைந்தனர். சட்டிகள் பலவும் பாழடைந்தன. அவற்றோடு அவ்வழியின் நினைவும் தேய்ந்தது.

தமிழ் மரபில் இன்னொரு செய்தியும் உண்டு. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியுள்ளனர். ஆனால் அவர்கள் வடபுலம் செல்லாமல் திருக்காளத்தியில் இருந்தவாறே அப்பதிகங்களைப் பாடினர் என்று பெரியபுராணம் கூறுகிறது. காணாத மலையைப் பாடுவது பத்திக்குப் பொருந்தும். வரலாற்றுக் கல்விக்கு அது பொருந்தாது. காணக்கூடிய தொலைவில் உள்ள கடாரத்தைக் காணாமலே பாடிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து நாம் விடுபட வேண்டும்.

ஜெராய் மலைக்கும் இன்று குரூண் பக்கத்திலிருந்து தார்ச்சாலை உண்டு. வண்டியில் ஏறிச் சென்று காட்சியைப் பார்த்துத் திரும்ப அரைநாள் போதும். அவ்வாறு சென்று வருவோர் மலையைக் காண்பர். மலையடி ஊர்களைக் காணார். ஆகவே நம் திட்டம் உச்சியில் தொடங்காமல் கழிமுகத்தில் தொடங்குதல் வேண்டும்.

முதல் நாள்: கழிமுகம்

முதல் நாளில் மூடா ஆற்றின் முகத்துவாரத்தையொட்டிய சுங்கை மாஸ் என்னும் சிற்றூரையும், பின்னர் மெர்போக் ஆற்றின் கிளையையொட்டிய பெங்காலான் பூஜாங் பகுதியையும் பார்ப்பது பொருத்தமாகும். இவ்விரண்டும் பழைய துறைகள். சுங்கை மாஸ் முற்பட்டது. பெங்காலான் பூஜாங் ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை சிறந்திருந்தது. அங்கே சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

இத்துறைகள் ஏன் இங்கே எழுந்தன என்னும் வினாவை மாணவர் முன் வைத்தால், அவர்கள் தலைநிமிர்ந்து மலையைப் பார்ப்பதே விடைக்கு முதற்படியாகும். தமிழகக் கரையிலிருந்து தென்மேற்குப் பருவக் காற்றின் துணையோடு வங்கக் கடலைக் கடந்த மாலுமிகளுக்கு, கரை தெரிவதற்கு முன்னரே மலை தெரிந்தது. வடகிழக்குப் பருவக் காற்று எழும்வரை அவர்கள் காத்திருக்கத் துறை தேவைப்பட்டது, குடிநீர் தேவைப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் நீரைத் தந்தன. அக்காலத்தில் மெர்போக் கழிமுகம் இன்றினும் அகன்றிருந்தது என்பதும், கடல் மலையடியை இன்னும் நெருங்கியிருந்தது என்பதும் நிலவியலாளர் காட்டும் செய்திகள். இம்மலை முன்னர்ச் செராய் என்னும் தீவாக இருந்து பின்னர் நிலத்தோடு சேர்ந்தது என்று மெரோங் மகாவம்சக் காதை கூறுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

எழுத்துச் சான்றுகளையும் இவ்விடத்திலேயே அறிமுகம் செய்யலாம். பட்டினப்பாலை புகார்த் துறைக்கு வந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சேர்க்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டவர் நச்சினார்க்கினியர். 671ஆம் ஆண்டு சீனாவிலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாகடலோடி ஒருவனைப் பற்றியது. தென்னிந்திய எழுத்தில், வடமொழியில் அமைந்தது. அவன் ஊராகிய இரத்தமிருத்திகை வங்காளத்தைச் சேர்ந்தது என்பர். இத்துறைகளுக்கு வந்தவர் ஒரு நாட்டவர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் நாள்: இரும்பும் இரப்பரும்

இரண்டாம் நாள் நடை பீடோங், செமெலிங் ஊர்களையொட்டிய சுங்கை பத்து பகுதியில் அமையலாம். யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியாவின் ஆய்வுக்குழு இங்கே 2009ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், களிமண்ணாலான துருத்திக் குழல்களும், கசடுகளும், ஆற்றங்கரைச் செங்கற் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. மலைப்பகுதியில் கிடைக்கும் இரும்புத் தாதுவே இத்தொழிலுக்கு அடிப்படை. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலேயே இங்குத் தொழில் நடந்தது என்று கொள்ளும் கருத்து வலுப்பெற்றுள்ளது. அதனினும் முற்பட்ட காலக் கணிப்புகளும் முன்வைக்கப்பட்டுள்ளன. அவை பற்றிய விவாதம் ஓயவில்லை. மாணவரிடம் இவ்விரண்டையும் சொல்வதே முறையாகும். எவ்வாறாயினும், வெளியிலிருந்து வந்த வணிகரை எதிர்நோக்கி வெறுமனே காத்திருந்த நிலம் இதுவன்று. விற்பதற்கு இரும்பு வைத்திருந்த நிலம் என்பது தெளிவு.

இந்த மண்ணுக்கு இரண்டாவது தமிழ் அடுக்கு ஒன்றும் உண்டு. அகழாய்வுக் குழிகளுக்கு அப்பால் நீளும் செம்பனைக் காடுகளில் பலவும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களாக இருந்தவை. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமிய மேலாதிக்கத்திலிருந்து பிரித்தானியர் செல்வாக்கின்கீழ் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் தென்கெடாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டினர். அம்மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கு வந்தனர். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர்த் தோட்டத்து லயங்களை அடைந்தனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு விதித்த தடையோடு இத்தகைய ஆள்திரட்டு நின்றது.

நாகப்பட்டினம் என்னும் பெயரை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சீவிசயத்திற்கும் கடாரத்திற்கும் அரசனாயிருந்த மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் எழுப்பிய சூடாமணி விகாரம் அந்நகரில்தான் இருந்தது. முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை லெய்டன் பெரிய செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கடார அரசன் பெயரால் விகாரம் எழுந்த அதே துறையிலிருந்து, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், கடாரத்து மண்ணில் பால் வெட்டுவதற்காகத் தமிழர் கப்பலேறினர். முன்னையது செப்பேட்டில் உள்ளது. பின்னையது பெரும்பாலும் முதியோர் வாய்மொழியிலும், தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும், இடுகாட்டிலும் உள்ளது.

பீடோங் அருகேயுள்ள ஹார்வர்டு தோட்டத்தையும் நடை கடந்து செல்லுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை இயக்கம் வேரூன்றிய இடம் அது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும், தொழிலாளர் மானத்தோடு வாழவேண்டும் என்பதும் அவ்வியக்கத்தின் குரல்கள். கள்ளுக்கடை எதிர்ப்பு விரைவில் ஊதியப் போராட்டத்தோடும் இணைந்தது. காவல்துறையின் கடுமையான அடக்குமுறைக்கும் உள்ளானது. இராசேந்திரனின் பெயரை அறிந்த நம் மாணவர் இத்தொண்டர் படையின் பெயரையும் அறிதல் வேண்டும். கடாரத்தில் தமிழர் வரலாறு என்பது அரசனின் வெற்றியோடு முடிந்துபோன ஒன்றன்று.

மூன்றாம் நாள்: கோயிலும் சான்றும்

மூன்றாம் நாள் காலை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்தில் தொடங்கலாம். 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வரும்பொருளகத்தின் வளாகத்தில், வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம், பெண்டியாட் சண்டிகள் மீளமைக்கப்பட்டுள்ளன. பெண்டாங் டாலாம் என்பதைப் பெண்டாங் நகரோடு குழப்பிக்கொள்ளலாகாது. வயல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லால் அமைந்த வேறோர் இடப்பெயர் அது.

பெயர்க்கப்படாமல் தன் இடத்திலேயே நிற்பது புக்கிட் பத்து பகாட் சண்டி. மலைச்சரிவில் ஓடையோரமாகக் கருங்கல்லில் எழுந்த இக்கோயிலை 1936, 1937ஆம் ஆண்டுகளில் இப்பகுதியை ஆராய்ந்த குவாரிச் வேல்சு தம் இடப்பட்டியலில் எட்டாவதாகச் சேர்த்தார். 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லேம்ப் அதனை முழுமையாக அகழ்ந்து மீளமைத்தார். கருவறைப் பகுதியும் அதற்கு முன்னுள்ள மண்டபமும் தமிழகக் கோயில்களின் அமைப்பை நினைவூட்டுவன. ஆனால் கல்லாலான தூண் பீடங்களின்மேல் நின்றவை மரத்தூண்கள். மேற்கூரையும் அழியக்கூடிய பொருளால் ஆனது. அடித்தளத்தில் புதைக்கப்பட்ட கற்பேழைகளும் கிடைத்தன.

இங்கேதான் ஆசிரியரின் நாவுக்குக் கட்டுப்பாடு வேண்டும். இது சோழன் கட்டிய கோயில் என்று சொல்வது எளிது, கேட்பதற்கும் இனிது. அதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. இக்கோயிலின் காலம் குறித்தும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்தியக் குடியேற்றக்காரர் அலையலையாக வந்து இவற்றைக் கட்டினர் என்று வேல்சு கருதினார். 1940ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ஆய்வின் தலைப்பே அக்கருத்தைத் தாங்கியது. பின்வந்த ஆய்வாளர் பலர், இவ்வூர் மக்களே வெளியிலிருந்து வந்த சமயக் கருத்துகளைத் தம் கட்டடக் கலையோடு இணைத்துக்கொண்டனர் என்று கொள்கின்றனர். கல்லால் அமைந்த அடித்தளத்தின்மேல் மரக்கூரை ஏற்றிய முறை இரண்டாவது கருத்துக்கே மிகவும் இசைகிறது. மேலும் இப்பள்ளத்தாக்குச் சைவத்துக்கோ வைதிக சமயத்துக்கோ மட்டும் உரியதன்று. யான் மாவட்டத்தின் புக்கிட் சோராஸ் குன்றில் நடந்த அகழாய்வுகளில் சுதையாலான புத்தர் உருவங்கள் வெளிப்பட்டது இதனை மேலும் உறுதிசெய்கிறது.

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடார அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதைக் கூறுகிறது. அது போரின் செய்தி. போருக்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டுகள் நடந்த வணிகத்தையும் வழிபாட்டையும் தொழிலையும் இம்மலையடி காட்டுகிறது. ஒரு படையெடுப்பின் பெயரால் அத்தனையையும் சுருக்கிவிட்டால், சான்று உள்ள பெரிய உறவை விட்டுவிட்டுச் சான்று இல்லாத சிறிய பெருமையைப் பற்றிக்கொண்டவர் ஆவோம். மிகைக் கூற்று ஒன்று மறுக்கப்படும்போது அதனோடு உண்மையும் சேர்த்தே ஐயுறப்படும் என்பதை நாம் மறக்கலாகாது.

நண்பகலுக்குப் பின் குரூண் பக்கம் சென்று மலைச்சாலையில் ஓரளவு தொலைவு நடந்து ஏறலாம். உச்சியிலும் பழைய கட்டுமானத்தின் எச்சங்கள் இருந்ததை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். மேலிருந்து நோக்கினால் முதல் நாள் நடந்த கழிமுகமும், இரண்டாம் நாள் நடந்த தோட்டங்களும், வடக்கே பெண்டாங் வரை விரியும் வயல்வெளியும் ஒரே பார்வையில் அடங்கும். மூன்று நாள் பாடத்தின் நிலப்படம் அதுவே.

பயண ஏற்பாடு

இத்தகைய பயணத்திற்குச் சில நடைமுறைகள் இன்றியமையாதன. கெடாவில் மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தைத் தவிர்த்தல் நன்று. 2021 ஆகஸ்டு 18 அன்று மலையில் பெய்த பெருமழையால் ஜெராய் ஓடைகளில் திடீர் வெள்ளம் பாய்ந்து உயிர்களைப் பலிகொண்டது. மேலே மழை பெய்வது கீழே நிற்போர்க்குத் தெரியாது. எனவே ஓடைப் படுகையில் உணவருந்துவதையோ குளிப்பதையோ திட்டத்தில் சேர்க்கலாகாது. காட்டுப் பாதையில் செல்வதாயின் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். மாணவர்க்குத் தார்ச்சாலையே போதும். உச்சிப் பகுதியில் தொலைத்தொடர்பு நிலையங்கள் உள்ளமையால் எதுவரை செல்லலாம் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

குழுவில் 20 பேருக்கு மேல் இல்லாதிருப்பது நலம். நாளொன்றுக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் நடந்தால் போதும். ஊர்களுக்கிடையே பேருந்தில் செல்லலாம். அகழாய்வு இடங்களில் ஓட்டுத் துண்டு ஒன்றையும் எடுக்கலாகாது என்பதைப் புறப்படுமுன்னரே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் இரு குறிப்பேடுகள் வைத்துக்கொள்ளட்டும்: ஒன்றில் கண்டவை; மற்றொன்றில் கேட்டவை. இரண்டாம் நாள் மாலை தோட்டத்து முதியோரோடு உரையாடும் நேரமாக அமைதல் வேண்டும். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினார், லயத்தில் எத்தனை வீடுகள் இருந்தன, பள்ளிக்கூடம் எங்கே நடந்தது என்பன போன்ற எளிய வினாக்களே போதும். சொல்வோரின் இசைவு பெற்றே பதிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

இப்பயணத்தைக் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சுங்கை பத்து பகுதியில் பதினோராம் எண்ணிட்ட சண்டி நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்து நாட்டையே அதிரவைத்தது. கடலின் மறுகரையில், சூடாமணி விகாரத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட நாகப்பட்டினத்துப் பழங்கோபுரம் 1867ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. ஒரே கடல்வழியின் இரு முனைகளிலும், ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில், ஒரே இழப்பு நேர்ந்துள்ளது. முன்னையது இடிந்தபோது அதன் பொருளை அறிந்து பேசியோர் சிலரே. பின்னையது இடிந்தபோது பலர் பேசினர். எனினும் இடிந்த பின்னரே பேசினர்.

ஓர் இடத்தை அடிக்கடி நடந்து பார்ப்போர் இருந்தால், அது மறைவதற்கு முன்னரே கேள்வி எழும். இமயத்துச் சட்டிகள் யாத்திரிகரின் காலடியால் வாழ்ந்தன. காலடி நின்றபோது அழிந்தன. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளுக்கும், மலையடித் தோட்டங்களில் எஞ்சியுள்ள கோயில்களுக்கும் இடுகாடுகளுக்கும் இது பொருந்தும். கெடாவின் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு சிறு குழுவை இவ்வழியே அனுப்புமாயின், பத்தாண்டுகளில் நமக்குக் கிடைப்பவை இரண்டு: கடாரத்தைக் கண்டு பேசும் ஒரு தலைமுறை, தோட்டத்து முதியோர் சொல்லிச் சென்ற செய்திகளின் தொகுப்பு ஒன்று. பெண்டாங் வட்டார ஆசிரியர்கள் இதற்கு முதலடி எடுத்துவைப்பார்களாயின் மிகவும் பொருத்தமாகும். மலை அவர்களுடைய வகுப்பறைக்குத் தொலைவில் இல்லை.